நாலாவது புள்ளி

பங்குனி. கடல் எண்ணெய் பூசிக் கிடந்தது.
அளம்பில் கரைக்குக் கார் வைத்துக்கொண்டு வந்து
வள்ளம் வாடகைக்கு வருமா என்றார்.
நரைத்த தலை, மினுக்கிய சப்பாத்து.
சுற்றுலா என்று நினைத்தேன்.
பெயர் எதிரிமான்ன.
எதிரியும் மன்னனும் ஒரே பெயருக்குள்.
எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்று அவர் கேட்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்று.
அதில் பாகை, கலை, விகலை.
நான் பார்க்கத் தேவையில்லை.
அந்த இடத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர்
எமிலியான் பார்.
கல்லில்லாத பார்.
அடியில் உடைந்த எஞ்சின்கள் கிடக்கின்றன.
இரும்பைச் சுற்றி மீன்.

அந்தக் காலத்துப் பேப்பரில்
நாசகாரிக் கப்பல் என்று போட்டிருந்தது.
அம்மா வாசித்துவிட்டுக் கேட்டாள்:
ஆரடா அவள், அந்த நாசகாரி?
விளங்கப்படுத்தினேன்.
ஆனாலும் அம்மா அவளைப் பெண்ணாகவே வைத்துக்கொண்டு
சாகும்வரை மண் அள்ளித் திட்டினாள்.

நாசகாரியை நடத்தியவர்
என் பதினெட்டரை அடி வள்ளத்தில்
மூன்றாவது மைலில் சத்தி எடுத்தார்.
பெரிய கப்பலில் இப்படி வராது, என்றார்.
தமிழ்தான். வயர்லெஸ்ஸில் ஒட்டுக்கேட்டுப் பழகிய தமிழ்.
வினைச்சொல்லெல்லாம் கட்டளை.
தண்ணி தா.
மெதுவாகப் போ.
இங்கே நிறுத்து.

நிறுத்தினேன்.
இருபத்தாறு வருசத்துக்கு முன்னால், நிலவில்லாத இரவு,
ராடரில் நாலு புள்ளி.
நாலையும் அடித்தார்கள்.
நாலுக்கும் சேர்த்து ஒரு பதக்கம்.
மகளின் கலியாணப் படத்திலும் அது இருக்கிறதாம்,
நெஞ்சில், பூமாலைக்குப் பக்கத்தில்.
மூன்று பறந்தது, என்றார்.
நாலாவது பறக்கவில்லை.
வள்ளத்தின் விளிம்பில் விரலை வைத்துக் காட்டினார்.
விரல் ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது.
ஏன் மெதுவாகப் போனது?
சொல்லு.

நான் தூண்டிலில் கணவாய்த் துண்டு குத்திக்கொண்டிருந்தேன்.
இவ்வளவு தூரம் வந்த எண்ணெய்க்கு
மீனாவது வேண்டுமே.
மண்ணெண்ணெய், என்றேன்.
அவருக்கு அந்தச் சொல் தெரியாது.

பெற்றோலுக்குத் தடை.
சோடா மூடி அளவு பெற்றோல் விட்டு, கயிறு இழுத்து,
சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம்.
எஞ்சின் இருமிக்கொண்டு ஓடும்.
ஈர வலை ஏற்றியிருந்தால்
கிழவனை நடத்திக் கூட்டிவருவது மாதிரி.
இதெல்லாம் நான் சொல்லவில்லை.
பூமிதெல், என்றேன், அவருடைய பாஷையில்.

பூமிதெல், என்றார்.
கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை, பூமிதெல்.
கொப்பியைத் திறந்தார். பேனையும் எடுத்தார்.
எழுதவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தூண்டில் இழுத்தது.
நல்ல இழுவை. வள்ளம் திரும்பியது.
துடுப்புக்கு எனக்குக் கை தேவைப்பட,
நைலோனை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.
பிடி, என்றேன். விடாதே.
எனக்கும் கட்டளைதான் வந்தது.
விரல் அறுந்தது. விடவில்லை.
நாலு கிலோ கலவாய்.

கரையில் நேவிக் காவலரண்.
பாஸ் பார்த்த பொடியனுக்கு அவரை ஆரென்று தெரியாது.
போனது ரெண்டு, வந்தது ரெண்டு,
சரி பிடித்துவிட்டு போனுக்குத் திரும்பினான்.
எண்ணெய்க்காசு வாங்கினேன். மிச்சம் கொடுத்தேன்.
மீன் வேண்டாம் என்றார்,
விரலைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு.

எமிலியான் அத்தான் போன பிறகு
எந்த மீனுக்கும் அக்காவிடம் ஒரே கேள்வி:
எங்க பிடிச்சது?
கொக்கிளாய்ப் பக்கம், என்றேன்.
போன கிழமை சாலை என்று சொன்னதாக ஞாபகம்.
ம், என்று செதில் சுரண்டத் தொடங்கினாள்.
புளி கரைத்தாள். குழம்பு கொதித்தது.
மகனுக்கும் எனக்கும் போட்டுவிட்டு
அவள் சம்பலோடு சாப்பிட்டாள்.