ஐந்தாவது ஆள்

மாட்ச் முடிந்தால் டென்னிசன் கடை.
கட்டன், பழம்பொரி,
பிறகு அதே வழக்கு:
குழித்துறைக் காலேஜுக்கு
எல்லாக் காலத்துக்குமாய் ஒரு டீம் போட்டால்
எந்த ஐந்து பேர்?

ரப்பர் ஷீட் ஏலம் எடுக்கிற சுகுமாரன் தம்பி.
களியக்காவிளை செக்போஸ்டில் லாரி எண்ணி
ரிட்டயரான ஞானரெத்தினம்.
அப்புறம் நான், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
இருபத்தாறு வருஷம்.
மற்றவர்கள் இந்த டீமின் ஆட்டத்தைப் பார்த்தார்கள்,
நான் எலும்பையும் பார்த்தேன்.

ஜெஸ்டின் ராஜ் மேல் தகராறு இல்லை.
ஆறடி நாலு. போர்டுக்குக் கீழே நின்றால்
அவன் நிழலே ஒரு ஃபவுல்.
கணுக்காலில் மயிரிழை விரிசலோடு
மூன்று மாட்ச் ஆடினான்.
படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.
"இது வேற ஆருக்கயோ காலுக்கா" என்றான்.

பப்பன் என்கிற அனந்தபத்மநாபன்:
ஐந்தடி நாலு,
மழையில் சைக்கிள் விடுகிறவனைப் போல
இடுப்பாலேயே வழி கேட்டுப் போவான்.
"பாஸ் தரமாட்டாம்லே" என்பார் ஞானரெத்தினம்,
"கல்யாணத்துக்குக்கூட ஒருத்தனையும் விளிக்கல்ல."
ஆனாலும் சேர்த்தாயிற்று.

மெர்லின் சுதாவை நான் சொன்ன வருஷம்
சிரித்தார்கள். பொம்பளைப் பிள்ளைகளுக்கு
வேற லிஸ்டு போடலாமே என்றார்கள்.
ஃபைனலில் முப்பத்தோரு பாயிண்ட் அடித்தவள்,
இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு.
"லிஸ்டு ஆருக்க லிஸ்டு?" என்றேன்.
டென்னிசன் ஆற்றிய டீ நடுவானில் நின்றது.
இப்போது தம்பி இரண்டாவதாக அவள் பெயரைத்தான் சொல்கிறார்.

தேங்காப்பட்டணம் மாஹீன்.
நோன்பு மாசம். மூன்றாம் குவார்ட்டரில் பாங்கு கேட்டதும்
யாரும் கேட்காமலே ரெஃப்ரி விசிலடித்தார்.
எதிர் டீம்காரன்தான் தண்ணி பாட்டிலை நீட்டினான்.
மாஹீனுக்கு எலும்பு எதுவும் உடையவில்லை.
எனக்கு அவனைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

நாலு.

ஐந்தாவதுக்கு வரும்போது
பழம்பொரி ஆறிவிட்டது என்பார்கள்,
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார்கள்.

பதினொன்றாம் நம்பர்.
இடதுகைக்காரன். ஒரே ஒரு வருஷம் நமக்கு ஆடினான்.
பந்தை விட்ட பிறகும் மணிக்கட்டு
காற்றில் தொங்கி நிற்கும்,
கதவைச் சாத்திவிட்டுக் கொண்டியிலிருந்து
கையை எடுக்க மறந்தவனைப் போல.
அடுத்த ஜூனில் பாறசாலையில் அட்மிஷன்.
ஹாஸ்டல் ஃபீஸ் என்றார்கள், பைக் என்றார்கள்,
ஒரு பெண் என்றார்கள்.
நீல ஜெர்சியில் திரும்பி வந்தான்.

கேலரி முழுக்கக் கூவியது.
தண்ணி பாக்கெட்டை எறிந்தது தம்பி.
நானும் கூவினேன், அதை மறைக்க மாட்டேன்.

நாலாம் குவார்ட்டரில் அவன் விழுந்த சத்தம்
சிமெண்டுத் தரையில் பந்து விழுகிற சத்தம் இல்லை.

தம்பியின் ஜீப்பில்தான் வந்தான்,
நாறுகிற ஷீட் கட்டுகளின் மேல் படுத்து.
கையைப் பிடித்திருந்தவர் ஞானரெத்தினம்,
வழியெல்லாம் ஏசிக்கொண்டே:
"துரோகி, கைய அனக்காதலே. அனக்காத மக்கா."

ரிஜிஸ்டரில் எழுதினேன்:
அஜயகோஷ், இருபது, இடது மணிக்கட்டு.
பெருவிரலுக்கு அடியில் கொல்லாம்பருப்பு மாதிரி
ஒரு சின்ன எலும்பு உண்டு.
அது இரண்டாக இருந்தது.
"ஸ்கோர் எத்தற?" என்றான்.
நாம் ஜெயித்துவிட்டோம் என்றேன்.
எந்த நாம் என்று அவன் கேட்கவில்லை.

அதன்பிறகு எங்கேயும் அவன் ஆடவில்லை.

இன்றைக்கும் முடிவில்லை.
தம்பி காசு கொடுத்தார்.
எழுதுவது, சாப்பிடுவது, அடிப்பது எல்லாம் வலது கையால் செய்கிறவர்
பேப்பர் கப்பை இடது கைக்கு மாற்றி
குப்பைத்தொட்டிக்குக் குறி பார்த்தார்.
கப் போன பிறகும் கை அங்கேயே தொங்கியது.
ஞானரெத்தினமும் அப்படித்தான்.
என்னுடையது விளிம்பில் பட்டு வெளியே.

"மூணு பேருக்கும் ஒண்ணுகூட விழல்லியே,
தொட்டிய கொஞ்சம் கிட்ட நீக்கி வைக்கட்டா?"
என்றான் டென்னிசன்.

வேண்டாம் என்றோம்,
மூன்று பேரும் ஒரே நேரத்தில்.