நுரை

கீழக்கரை ஆஸ்பத்திரியில்
செய்யது நைனா காக்காவின் குதிகாலில்
பெராக்சைடு ஊற்றினேன்.
பார் கிழித்த காயம்.
பொங்கியது.

"கொதிக்குதே சிஸ்டர்."
கொதிப்பில்லை காக்கா,
உங்க ரத்தத்தில் ஒரு நொதி
இந்த நஞ்சைப் பிடித்துத்
தண்ணீராகவும் காற்றாகவும் பிரிக்குது.
அதோட வேலைச் சத்தம்.

அவர் சிரிக்கவில்லை.
முகம் சிரிப்பை விட்டு ஒரு வருஷம்.
வலது கை மட்டும் மடிமேல்
யாருக்கோ காசு எண்ணிக்கொண்டிருந்தது.

மதுரையில் சொன்னார்களாம்:
நடுமூளையில் துளிக் கறுப்பு உண்டு,
அது வெளுத்துக்கொண்டு வருகிறது.

நர்சிங் புத்தகத்தில் அரைப்பக்கம்.
கைக்குச் சேதி கொண்டுபோகும் டோபமினை
வேலை முடிந்ததும் ஒரு நொதி உடைக்கும்.
உடைக்கும்போதெல்லாம் ஒரு பொட்டு
இதே பெராக்சைடு.
அங்கே நுரைக்கவைக்கும் ஆட்கள் குறைவு,
இரும்பு அதிகம்.
இரண்டும் தொட்டுக்கொண்டால்
பொறி கிளம்பும்,
கொழுப்புச் சவ்வு கருகும்.

முப்பது வருஷம் சங்கு குளித்தவர்.
எட்டுப் பாக ஆழத்தில்
காற்றில்லாமல் இருந்து பழகியவர்.
மேலே வந்து குடிக்கிற முதல் மூச்சு,
அதுக்காகவே முங்கினேன் என்பார்.
அந்த மூச்சும்தான் எரிக்கிறது என்று
எந்த வாயால் சொல்ல?
(என்னையும்தான். கொஞ்சம் மெதுவாக.)

ஏழு வருஷத்துக்கு முன்
சங்குச் சதை அழுகும் குழியருகே
ஒருநாள் நாற்றமே வரவில்லையாம்.
எல்லோரும் மூக்கைப் பொத்த
அங்கேயே உட்கார்ந்து புரோட்டா தின்றாராம்.
அல்லா தந்த வசதி என்றிருந்தாராம்.

செல் சாகும்போது வெடிப்பதில்லை, பெரும்பாலும்.
உள்ளேயே கத்தரி உண்டு. அதுவும் நொதி.
உறையைவிட்டு வெளியே வந்தால்
சட்டத்தை, சுவரை, எழுதிவைத்த ஏட்டை
நறுக்கிப் பொட்டலம் கட்டிவிடும்.
பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது.
நுரை இல்லை.

என் கத்தரி உப்புக்காற்றில் துருவேறியது.
துணியை இரண்டு தடவை மென்றுதான் அறுத்தது.

கட்டுப் போட்டு எழுந்தார்.
வாசலருகே கால் தரையோடு ஒட்டிக்கொண்டது.
முன்னால் நகரவில்லை, பின்னாலும் இல்லை.
சீட்டு வாங்க நின்றவர்கள் பார்த்தார்கள்.
காது மடல் சிவந்தது அவருக்கு.

பிளாஸ்டரில் ஒரு முழம் கிழித்து
அவர் கால்முன் குறுக்கே ஒட்டினேன்.
வள்ளத்து விளிம்புன்னு நெனச்சுக்கங்க காக்கா.

காலைத் தூக்கித்
தாண்டினார்.

சாயங்காலம் கூட்டுகிற மாரிக்கண்ணு
அதை உரிக்கப்போனாள்.
இருக்கட்டும் என்றேன்.
வியாழக்கிழமை கட்டு மாற்ற வருவார்.