மணி அடித்தவர் இறங்கவில்லை

ஈசூனில், குளத்தை ஒட்டிய மருத்துவமனைக்கு முன்னால்
என் தடத்தின் பதினோராம் நிறுத்தம்.
ஆறு வருடமாக அங்கே கதவைத் திறந்து மூடுகிறேன்.
சில நாள் மணி அடிக்கும்,
கதவு திறக்கும்,
யாரும் இறங்க மாட்டார்கள்.

கண்ணாடியில் பார்ப்பேன். பெரும்பாலும் பெண்.
மடியில் ஒரு கோப்பு,
அதன்மேல் இரண்டு கையும்,
மூடி சரியில்லாத பாத்திரத்தைப் பிடித்திருப்பதுபோல.

ஒருமுறை கத்தியே விட்டேன்,
எனக்குத் தெரிந்த அரைகுறை மாண்டரினில்:
விளையாட்டுக்கா பெல்லை அழுத்துகிறாய்?
அந்த அம்மா "சாரி, சாரி" என்றார்.
இன்டர்சேஞ்ச் வரைக்கும் வந்து
அதே வண்டியில் திரும்பிப் போனார்.

இப்போது என் மடியில் கோப்பு.

இடப்பக்கம், இரண்டு மணி திசையில் என்றார் டாக்டர்.
கடிகாரம் மாட்டிய உடம்பென்று அதுவரை தெரியாது.
இரண்டு மணி, ஷிஃப்ட் மாறும் நேரம்;
அது மட்டும்தான் தோன்றியது.

சாவுக்குப் பயமா என்று கேட்கிறார்கள்.
அது பெரிய மனுஷப் பயம், தள்ளியே நிற்கிறது.
தூங்கவிடாதவை சில்லறைப் பயங்கள்.
அக்குளில் கணுக்களை எடுத்தால் கை வீங்கலாமாம்.
வீங்கிய கையோடு பன்னிரண்டு மீட்டர் வண்டியை
டிப்போ வாசலில் முழுசாக ஒடிக்க முடியுமா?
சீட் பெல்ட் எதன்மேல் படியும்?
மயக்கத்தில் எதை உளறித் தொலைப்பேன்?
வெட்டியதை எங்கே கொண்டுபோவார்கள்?
கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

"கத்தி பட்டா காத்துப் பட்டு உடம்பெல்லாம் ஓடிடும்"
என்றாள் சௌந்தரி,
கேண்டீனில் தே தாரேக்கை ஊதிக்கொண்டே.
அவள் கெட்டவள் இல்லை. அவள் சின்னம்மா கதை அது.
கட்டி தோலைக் கிழித்த பிறகுதான்
சின்னம்மா ஆஸ்பத்திரிக்கே போனாராம்;
அதையும் அவளே சொன்னாள், இரண்டாவது கிளாஸில்.
முதல் வாக்கியம்தான் என் காதில் தங்கியது.

முதல் தேதிக்கு மகனின் ராணுவ அணிவகுப்பு. உண்மை.
இரண்டாவதுக்குக் காய்ச்சல். பொய்.
மூன்றாவதுக்கு மூக்குத்தி.

நகை எதுவும் கூடாது என்று தாளில் போட்டிருந்தது.
இருபத்துமூன்று வருடத் திருகு.
தேங்காயெண்ணெய், சோப்பு, மகனின் குறடு,
எதற்கும் அசையவில்லை.
எனக்குள் எவ்வளவு சந்தோஷம், சொல்ல வெட்கம்.
விடிந்ததும் ஃபோன் போட்டேன்.
நர்ஸ் ஷைனி சிரித்தாள்:
"அதனாலென்ன அக்கா, மேலே டேப் ஒட்டிடுவோம்."
எல்லாச் சாக்குக்கும் அவர்களிடம் டேப் இருக்கிறது.

இன்று ஐந்து நாற்பது வண்டி. மழை.
மகன் முகாமிலிருந்து நேராக வருவான்.
ஓட்டுவது ரோஹானா.
யூனிஃபார்ம் இல்லாத என்னைக் கண்ணாடியில்
அடையாளம் காண அவளுக்கு ஒரு சிக்னல் ஆயிற்று.
பயணிகள் இருக்கையில் கைக்கு வேலையே இல்லை.
இல்லாத ஸ்டீயரிங்கை வளைவுதோறும் பிடித்தேன்.

பதினோராம் நிறுத்தம்.
மணியை நான்தான் அழுத்தினேன்.
கதவு திறந்தது.

பதினைந்து விநாடி.
அதற்குமேல் நின்றால் நேரம் பிசகும்,
பின்னால் வரும் வண்டி முட்டிக்கொண்டு நிற்கும்,
கட்டுப்பாட்டு அறை கேட்கும். எனக்குத் தெரியாததா?
முப்பது.
சாரல் படிக்கட்டுக்குள் அடித்தது.
கடைசி இருக்கையில் யாரோ 'ச்சு' கொட்டினார்.
ரோஹானா கதவை மூடவில்லை.
திரும்பியும் பார்க்கவில்லை.
வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்தது.

அன்றைக்கு அந்த அம்மாவுக்கு
நான் எத்தனை விநாடி கொடுத்தேன்?

எழுந்தது நினைவில்லை.
கால் நனைந்தது தெரிந்தது.
நிழற்கூரைக்கு நடக்கும்போது பார்த்தால்
பயமும் கூடவே இறங்கியிருந்தது,
கார்டைத் தட்டாமல்.