ஜனவரி முப்பது, டூட்டிங்

நாளை நள்ளிரவோடு கணக்கு முடிகிறது.
நனைந்த குடையைக் கதவில் சாத்திவிட்டு
உள்ளே வந்தார் குகநேசன்,
பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை.
கெம்ப்டனில் ஒரு சாம்பல் குதிரை
நாலாயிரத்து இருநூறு பவுண்ட் தந்ததாம்.
'இதில எவ்வளவு வெட்டுவாங்கள்?
தம்பி பேரில போட்டால் குறையுமோ?'

ஒரு பென்னிகூட இல்லை என்றேன்.
பந்தயக் காசுக்கு இங்கே வரி கிடையாது.
வங்கியில் கிடந்து வட்டி குட்டி போட்டால்
அப்போது பார்ப்போம்.

எழும்புவார் என்று பார்த்தேன்.
ஒரு டெஸ்கோ பையை
என் மேசையில் கவிழ்த்தார்.
பதினொரு வருடத்துச் சீட்டுகள்,
பாதி எழுத்து மங்கி
வெறுந்தாளாய்ப் போனவை.
'அப்ப இதுகளைச் செலவில எழுதலாம்தானே?'

வென்றதில் பங்கு கேட்காதவர்கள்
தோற்றதில் பங்குக்கு வரமாட்டார்கள்.
சொல்ல வாய் வரவில்லை.
கால்குலேட்டரை அவர் பக்கம் தள்ளினேன்.

இரண்டு விரலால் கூட்டத் தொடங்கினார்.
நாலாவது சீட்டில் நிறுத்தி,
ஹீட்டரைப் பார்த்தபடி கேட்டார்:
'உங்கட ஒஃபீஸில இருந்து
வீட்டுக்குக் கடிதம் ஏதும் வருமோ?
மனுசிதான் தபாலை உடைக்கிறவ.'