ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்

மாங்குளச் சந்தியில் மறித்த பொலிஸ்காரர்
எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்றார்.
முள்ளு பூச்சியத்தில் படுத்துக் கிடந்தது.
குனிந்து பார்த்தார், சிரித்தார்,
சிரித்தபடியே தண்டத்தை எழுதினார்.

ஊர் முழுக்கக் கரண்ட் மீற்றர் வாசிக்கிறவன் நான்.
ஒலுமடுவிலிருந்து கரிப்பட்டமுறிப்பு வரை
வேலிக்கு வேலி நாயிடம் பேச்சு வாங்கி
மற்றவர்களின் யூனிற்றை எழுதுகிறவன்.
என்னுடையது செத்து எத்தனை வருஷம் என்று
எனக்கே தெரியாது.
குழி நிறைந்திருந்தபோது றோட்டே வேகம் சொன்னது:
இருபதில் பல் கிட்டும், முப்பதில் நாரி முறியும்.
கார்ப்பெற் போட்டபிறகு அது வாயை மூடிக்கொண்டது.

எம்.டி. நைன்ரி. எண்பத்திரண்டாம் ஆண்டு.
விசுவமடுவில் பழைய இரும்போடு இரும்பாய்
நிறுத்து வாங்கியது.

முதலில் கேபிள்.
முன்சில்லுக் குடத்தில் திருகாணி கழற்றி இழுத்தேன்.
உள்கம்பி அறவில்லை;
சதுரமாயிருக்க வேண்டிய நுனிதான்
சூப்பிய கரும்பாய் உருண்டிருந்தது.
வவுனியாவில் புதுசு வாங்கிப் பூட்டினேன்.
சுகிர்தா சில்லைக் கையால் சுற்றினாள்.
முள்ளு அசையவில்லை.

பிறகு குடத்துக்குள் இருக்கும் பல்லுச்சக்கரம்.
கிறீஸ் காய்ந்து கோப்பித்தூள்.
துடைத்தேன், பூசினேன், கேபிளுக்கும் ஊற்றப் போனேன்.
"மேல ஊத்தாதேங்கோ. எண்ணெய் கம்பி பிடிச்சு ஏறும்.
என்ர மெசினில பட்ட பாடு காணும்."
கீழ்ப்பாதிக்கு மட்டும்
அவளுடைய தையல் எண்ணெய், ஆறு துளி.
முள்ளு அசையவில்லை.

எறியப் போன பழைய உறையைச் சும்மா தட்டினேன்.
மணல் கொட்டியது.
எங்கள் செம்மண் இல்லை. வெள்ளை மணல்,
நகத்துண்டு அளவில் ஒரு சிப்பியோடு.
நான் இந்தச் சைக்கிளைக்
கடற்கரைக்குக் கொண்டுபோனதேயில்லை.
விளக்குமாறு எடுக்கப் போன சுகிர்தா
எடுக்காமல் திரும்பி வந்தாள்.

கடைசியில் மீற்றரையே திறந்தோம்.
விளிம்புத் தகட்டைக் கத்தரிக்கோல் நுனியால்
நெம்பி நெம்பி ஒரு பின்னேரம் போனது.
உள்ளே ஒரு காந்தம்.
அதில் முட்டாமல் கவிழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணம்.
காந்தம் சுற்ற, தொடாமலே கிண்ணம் இழுபடும்;
மயிரளவு வில்லொன்று பின்னுக்கு இழுக்கும்;
இரண்டும் சமாதானமாகும் இடத்தில் முள்ளு நிற்கும்.
இவ்வளவுதான் வேகம்.
எங்கள் கிண்ணத்துக்குள் குளவி
கூடு கட்டிக் குடியும் எழும்பிப் போயிருந்தது.

மண்ணைச் சுரண்டும்போதுதான் அந்த இலக்கத்தைப் பார்த்தேன்.
நாலு, ஒன்று, இரண்டு, ஒன்று.
கடைசிக் கட்டத்தில்
மேலே ஆறின் வயிறு, கீழே ஏழின் தலை.
யாரோ அந்த அரையில் நின்றிருக்கிறார்கள்.

"பூச்சியத்துக்குத் திருப்பிவிடட்டோ?" என்றேன்.
பல்லைத் தூக்கினால் திருப்பலாம்.
"இதென்ன, எங்கட கணக்கோ?" என்றாள்.

விடிய ஒட்டுசுட்டான் றோட்டில்
கிலோமீற்றர் கல்லுக்குக் கல் ஓடிப் பார்த்தோம்.
முள்ளை நாற்பதில் பிடித்திருந்தேன்.
பின்னால் இருந்து அவள் போனில் நேரம் எடுத்தாள்.
தொண்ணூறு செக்கனில் வரவேண்டிய கல்
நூறில் வந்தது.
நாற்பது என்று சொல்லிக்கொண்டு
முப்பத்தாறில் ஓடுகிறது.
"பயந்தவன் சொல்லுற பொய். இருக்கட்டும்."

ஏழு முழுதாய் வந்த இடம் எனக்குத் தெரியாது.
எருமைகள் குறுக்கே போயின, பிரேக் பிடித்தேன்,
திரும்பக் குனிந்தபோது எட்டு.

வீட்டுக்கு வந்து
வாசிப்புக் கொப்பியின் கடைசி ஒற்றையில் எழுதினேன்:
முந்திய வாசிப்பு, 41216½.
பாவனையாளர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
பேனையை அதில் வைத்தேன்.
மை ஊறி
ஒரு புள்ளி மட்டும் விழுந்தது.