நான்கு டன் கம்பளி தந்த ஆடு

அக்டோபர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை,
உருகுவேயில் தக்குவரெம்போ ஊருக்கு வெளியே
ஒற்றை ஆடு
நான்கு டன் கம்பளி தந்தது.

தராசின் மேல் குற்றமில்லை.
4,250 என்றுதான் காட்டியது.
அந்த ஊரில் காற்புள்ளி என்றால்
கிலோ முடிந்து கிராம் தொடங்கும் இடம்.
ராபா அதை ஆயிரமாக வாசித்தது,
வாசித்துவிட்டு வாயே திறக்கவில்லை.
ஆட்டுக்காரி நெலிடா எச்செனிகே
ரசீதை இரண்டு முறை படித்தாள்.
"இந்த ஆட்டை இனி நான் விற்பதாயில்லை."

ராபா ஒரு நிரல்மொழி.
எஸ்தோனியாவில் பிறந்தது;
பெயருக்குச் சதுப்பு நிலம் என்று பொருள்.
யாருக்கும் சொந்தமில்லை, ஆகவே
யார் வேண்டுமானாலும் திட்டலாம்.
ஒஸ்வால்தோ பெருத்தி அன்றிரவே திட்டினார்:
உங்கள் மொழி ஒரு திருடன்.
தப்பு, திருடனுக்காவது எண்ணத் தெரியும்.

பார்னுவில் ஐந்து மணிக்கே இருட்டியிருந்தது.
பால் பரிசோதனைக் கூடத்திலிருந்து திரும்பிய உர்வே
ஈரக் காலுறையைக் கழற்றாமல் படித்தாள்.
பதில் ஒரு வரி:
வழு மட்டும் மிஞ்சும்வரை
நிரலைக் குறைத்து அனுப்புங்கள்.

வந்தது தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வரி.
அதில் வங்கி விடுமுறைகள் இருந்தன,
ரசீதின் பூவேலைக் கரை இருந்தது,
ஒரு மாறிக்கு நாயின் பெயர் இருந்தது.
"இன்னும்" என்றாள் உர்வே.

வங்கியை வெட்டினார். வழு இருந்தது.
பூவை வெட்டினார். இருந்தது.
நாயை வெட்டினார், மனமில்லாமல்.
இருந்தது.
மழிக்கிற வேலைதான் இதுவும் என்று எழுதினார்,
தோலைக் கீறாமல் தோல்வரை போக வேண்டும்.
நான்காம் இரவு மிச்சம் மூன்று வரி:

நாடு: உருகுவே
எண்ணைப் படி
எண்ணைச் சொல்

அதற்குள்ளும் அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

காற்புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வந்தால்
ராபா ஒழுங்காகப் படிக்கும்.
மூன்று வந்தால்
எந்த நாடு என்று பார்க்காமல் ஆயிரம் என்று தீர்ப்பு.
தீர்ப்பின் ஓரத்தில் ஒரு குறிப்பு:
இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்.
பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி.
கையெழுத்து, உர்வே.

அன்று கீழே கார் ஓடிக்கொண்டிருந்தது,
யாரோ ஹாரன் அடித்தார்கள்.
யார் என்றுதான் ஞாபகம் வரவில்லை.

ஒரே ஒரு குறியை மாற்றி வெளியிட்டாள்.
மறுநாள் ஒபிஹிரோவிலிருந்து கசுமி:
என் உருளைக்கிழங்குக் கணக்கு உடைந்துவிட்டது.
நான் நாட்டைத் தவறாக எழுதியிருந்தேன்.
உங்கள் தவறும் என் தவறும்
ஒன்பது வருடம் நல்லபடி குடித்தனம் நடத்தின.
ஏன் பிரித்தீர்கள்?

வழுவமைதி என்போம் இலக்கணத்தில்:
தவறுதான், பழகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்.
உர்வே அப்படி விடவில்லை.
நாட்டை மாற்றும் வழியை எழுதினாள்,
மன்னிப்பையும் அதே வரியில் சேர்த்து.

ஒஸ்வால்தோவின் அடுத்த கடிதம்
புகார் அல்ல, விண்ணப்பம்.
ஐயம் வந்தால் ஊகிக்காதே, கேள்.
இதை மொழிக்குள்ளேயே வையுங்கள்.

வேகம் குறையும் என்றார் ஒருவர்.
பழைய நிரல்கள் பாதியில் நிற்கும் என்றார் இன்னொருவர்.
இரவு மூன்று மணிக்கு அது கேட்டால்
எவன் விழித்திருந்து பதில் சொல்வான்?
நியாயமான கேள்வி.
விடை இன்னும் கிடைக்கவில்லை.

ஆறு குளிர்காலமாக அது திறந்தே கிடக்கிறது.
வருடக் கடைசியில் உர்வே
பழைய விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக மூடுவாள்,
இதன்மேல் வந்து நின்றதும்
தேநீர் போட எழுந்துபோவாள்.

தக்குவரெம்போவில் அவர் காத்திருக்கவில்லை.
மூன்று இலக்கம் வந்தால்
கொட்டகையில் மணி அடிக்கும்படி செய்திருக்கிறார்.
அந்தத் தராசு எப்போதும்
மூன்று இலக்கம்தான் காட்டும்.
வழு செத்து ஆறு வருடமான பிறகும்
ஒவ்வோர் ஆட்டுக்கும் மணி அடிக்கிறது,
மழிப்பவர்கள் குனிந்த தலை நிமிராமல்
ஒவ்வொரு முறையும் கத்துகிறார்கள்:

கிலோ!