முதற் பள்ளிக்கூடம்

மல்லாவிச் சந்தியில் எங்கள் ரீலோட் கடைக்கு முன்னால்
ஐந்து மோட்டார் சைக்கிள்கள் ஒன்றாய் நின்றால்
ஒன்றில் விபத்து,
இல்லாட்டில் பரீட்சை முடிவு.
இன்றைக்கு இரண்டுமில்லை.
பனிக்கோட்டை விளையாட்டுக் கொம்பனி அனுப்பிய
ஆங்கிலக் கடிதத்தை வாசித்துக் காட்டட்டாம்.
கடையில் நான்தான் ஏ.எல். வரை படித்தவள்.

'உங்கள் தனியுரிமையை நாம் பெரிதும் மதிக்கிறோம்'
என்று தொடங்கியது.
"அப்ப களவு போட்டுது" என்றான் டிலக்சன்.

ஆனாலும் மிச்சத்தை வாசித்தேன்.
பெயர், பிறந்த திகதி, போன் இலக்கம்,
கடவுச்சொல் மறந்தால் கேட்பதற்கென்று
வைத்திருந்த கேள்வி, அதன் விடை.
நாலு கோடிப் பேருடையது.
நாலு கோடிக்குள் மல்லாவியும் இருப்பதில்
எழில்வதனனுக்கு ஒரு சின்னப் புளுகம்.
ஆத்திரமும் வந்தது, தூஷணத்தில் எழுதி அனுப்பினான்.
எங்கேயோ ஒரு பிரேசில்காரன்
அதற்கு இதயம் போட்டான்.

டிலக்சனுக்கு வாள்தான் கவலை.
இரண்டு போகம் நெல்மூட்டை ஏற்றிய கூலியில்
வாங்கிய நீல வாள்.
தோளில் மூட்டை உரசிய தழும்பு இருக்கிறது,
வாள் இருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும்.
இருந்தது.
சோடா ஒன்று உடைத்துக் குடித்தான்.

பிராங்கிளினுக்கு உலகம் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல்.
பனிக்கோட்டைக்கும் அதுதான்,
அக்காவின் கனடாக் காசு விழும் வங்கிக்கும் அதுதான்.
வாசித்து முடிக்க முன்னமே பறந்துவிட்டான்,
ஹெல்மெற்றை என் மேசையில் விட்டுவிட்டு.

மீன் வாங்கித் திரும்பிய கோபிதனின் அம்மா
கூட்டத்தைக் கண்டு எட்டிப் பார்த்தா.
"ஆர் பிள்ளை பதியினம்? என்னத்துக்காம்?"
"ஒருத்தரும் பதியேல்லை அம்மா.
இவங்கள் தாங்களாத்தான் குடுத்தவங்கள்."
"தாங்களாவோ?"
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.
பையிலிருந்து மீன்தண்ணீர்
அவவின் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

கோபிதனின் கணக்குக்குள் ஆரோ ஏற்கெனவே புகுந்து
பூட்டை மாற்றிவிட்டார்கள்.
மீட்க வேண்டுமென்றால் விடை சொல்லவேண்டும்:
உங்கள் முதற் பள்ளிக்கூடத்தின் பெயர் என்ன?

பாண்டியன்குளம் என்று தட்டினான்.
பிழை.
தருமபுரம்.
பிழை.
"தேவிபுரத்தில பங்கருக்குப் பக்கத்தில
ஒரு ரீச்சர் நாலு நாள் ஆனா எழுதக் காட்டினவ.
அது பள்ளிக்கூடமோ அக்கா?"
அதற்குப் பெயர் இல்லை, தட்ட முடியாது.
முகாமின் தறப்பாள் வகுப்பை நினைத்து
வலயம் நாலு என்று தட்டினான்.
பிழை.
இன்னும் இரண்டு தரம்தான் என்றது திரை.

"பதினைஞ்சு வயசில பதிஞ்சது.
அப்ப நான் எதை முதலெண்டு நினைச்சனோ..."

"களவெடுத்தவனுக்குத் தெரியும்" என்றேன், பகிடிக்கு.
அவன் சிரிக்கவில்லை.
"ஓமக்கா," என்றான்,
"அவனிட்டக் கேக்கலாம் என்ன."

ஏழரைக்குக் கடை பூட்டும்போதும்
அந்த இரண்டு தரத்தையும் அவன் செலவழிக்கவில்லை.
பிராங்கிளினின் ஹெல்மெற்றைக் கொடுத்துவிட்டேன்.
துணுக்காய் ரோட்டில் அவனுடைய பின்விளக்கு
மாடுகளுக்காக ஒருக்கால் நின்று
பிறகு போனது.

எனக்கும் பனிக்கோட்டையில் ஒரு கணக்கு உண்டு.
இவங்களுக்குத் தெரியாது, நாற்பத்தோராம் படியில் நிற்கிறேன்.
என்னிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டது.
'சொல்லமாட்டன்' என்று எழுதி வைத்திருந்தேன்.

அதையும்
கொண்டுபோய்விட்டார்கள்.